படுத்த நெளி

ஓர் அட்டைப்பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஓரகடத்தில் ஒரு கியர் கம்பெனி ஏழு பேர் கொண்ட குழு போட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட கேசரி நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார்கள். இந்தக் குழு நான்கு மாதம் கூடியது. முந்திரி பிஸ்கெட் தின்றது. புரொஜெக்டர் போட்டு அறுபத்திரண்டு படம் பார்த்தது. கடைசிவரை ஒரு பெட்டியையும் கையால் தொடவில்லை. தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய ஒருத்தி நாலு மைல் தள்ளி சேரப்பணஞ்சேரியில் இருந்தாள். அவள் பெட்டி செய்கிறவள் என்பதால் அவளைக் குழுவில் சேர்க்கவில்லை.

லூர்தம்மாளுக்கு அப்போது, அதாவது 2011-இல், நாற்பத்தெட்டு வயது. ஏரிக்கரைக்குப் போகிற பாதையில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு ஷெட், அதை ஒட்டினாற்போல் வீடு. நடுவில் கதவு கிடையாது. கோந்து வாசம் அடுக்களைக்கும் குழம்பு வாசம் கோந்துத் தொட்டிக்கும் தாராளமாகப் போய்வந்தன. ஷெட்டுக்குப் பெயர் வைக்கும்போது அவள் 'மாதா பேக்கேஜிங்' என்றாள். புருஷன் பகலவன் 'பகுத்தறிவு பேக்கேஜிங்' என்றான். பகலவனின் அப்பா மேடையேறிப் பேசிய மனிதர், மகனுக்குச் சூரியன் பெயரை வைத்தவர். ஆனால் மகன் லூர்தம்மாளைப் பார்த்தது மாதா கோயில் தேர்த் திருவிழாவில். பகுத்தறிவு அன்றைக்கே பாதி போயிற்று. கடைசியில் மகள் அறிவுமதியின் பெயரை இரண்டாக ஒடித்து 'ஏ.எம். பேக்ஸ்' என்று பெயிண்ட் அடித்தார்கள். சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை, பெயிண்டருக்கு எழுத்து மிச்சம்.

அட்டையை நீங்கள் கிழித்துப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். கம்பெனிக்காரர்கள் அதை ஃப்ளூட் என்பார்கள், லூர்தம்மாள் நெளி என்பாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அந்த நெளி மேலிருந்து கீழாக, வரிசையாக நட்ட கழிபோல நிற்க வேண்டும். அப்போதுதான் தலைமேல் பாரம் தாங்கும். குறுக்கே படுக்கப் போட்டாலும் பெட்டி பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். அறுக்கும்போது சுருளில் துண்டு மிஞ்சாது, எல்லாம் லாபம் மாதிரித் தெரியும். பாரம் ஏறி, மழைக்காற்றும் சேர்ந்துகொண்டால், நாலாம் நாள் பக்கங்கள் புடைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட்டைத் தளர்த்தியவனைப் போல உட்கார்ந்துவிடும்.

அந்த கியர் கம்பெனிக்கு ஆறு வருஷமாக ஏழு ப்ளை பெட்டி, அதாவது ஏழு தாள் சேர்த்து ஒட்டிய பெட்டி, இவள்தான் கொடுத்தாள். எண்ணெய் தடவிய கியர் சக்கரங்கள் உள்ளே போனால் ஒரு பெட்டி முப்பது கிலோ. நாலு பெட்டி உயரம் அடுக்கி, பேலட் என்கிற மரத்தட்டில் கட்டி, கப்பலேற்றுவார்கள். ஆறு வருஷத்தில் ஒரு பெட்டியும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வட்டமாக ஒரு சீல் இருக்கும். செய்தவர் பெயரும் எத்தனை ப்ளை என்பதும் அதில் தெரியும். பசை ஓட்டுவதை, பின் அடிப்பதை, அறுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சீல் மட்டும், பெட்டியை லூர்தம்மாள் பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகுதான் அடிப்பார்கள்.

அந்த ஆகஸ்டில் பர்ச்சேஸ் மேனேஜர் மணிகண்டபிரபு ஷெட்டுக்கு வந்தார். முப்பத்துமூன்று வயது, கழுத்துப்பட்டையில் மூன்று அட்டை. ஒன்று கேட் திறக்க, ஒன்று கேன்டீனுக்கு, மூன்றாவது எதற்கென்று அவருக்கே தெரியாது. கோந்து காலில் ஒட்டாமல் நுனிக்காலில் நடந்து வந்து ஒரு டிராயிங்கை விரித்தார்.

"மேடம், காஸ்ட் டவுன் பிராஜெக்ட். செவன் ப்ளைல இருந்து ஃபைவ் ப்ளைக்குப் போறோம். கமிட்டி அப்ரூவ் பண்ணிட்டாங்க."

லூர்தம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கோந்துக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அஞ்சு ப்ளை சரி சார், நல்ல தாளு போட்டா சமாளிச்சிக்கலாம். ஆனா நெளி படுத்துக்கினு கீதே."

"எது மேடம்?"

"படத்துல சார். அம்புக்குறி போட்டுக்கிறீங்க பாருங்க. குறுக்கால ஓடுது. அது நிக்கணும்."

"அது டிராயிங் மேடம். ரிலீஸ் ஆயிடுச்சு. ரிவிஷன் த்ரீ."

"ரிலீஸ் ஆனா இன்னா சார், சினிமாவே ரிலீஸ் ஆயி ரெண்டு நாள்ல தூக்கிர்றான்."

பசை மேஜையில் நின்ற செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். இரண்டு வருஷமாக இங்கேதான் வேலை, வாடகை ரூமில் நாலு பேரோடு தங்கல்.

மணிகண்டபிரபு சிரிக்கவில்லை. "பர்ஸ்டிங் டெஸ்ட் பாஸ் மேடம். லேப் சர்டிபிகேட் இருக்கு. டேட்டா பேசுது. நீங்க ஃபீலிங்ல பேசறீங்க."

பர்ஸ்டிங் டெஸ்ட் என்பது அட்டையில் ஓர் இடத்தை ரப்பர் குமிழால் அமுக்கி, எப்போது வெடிக்கிறது என்று பார்ப்பது. நெளி நின்றாலும் படுத்தாலும் அந்த எண் மாறாது. ஒருவன் மூட்டை தூக்குவானா என்று அறிய அவன் தொடையைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி.

"குத்திப் பாத்தீங்க சார். மேல பாரத்த வெச்சுப் பாத்தீங்களா?"

"மேடம், முடியாதுன்னா சொல்லுங்க. வல்லம் வடகால்ல பெரிய வெண்டர் ரெடியா இருக்காங்க. ஆட்டோமேட்டிக் பிளான்ட்." கொஞ்சம் நிறுத்தினார். "அறிவுமதி உங்க டாட்டர்தானே? டெஸ்பாட்ச்ல டிரெய்னி. நல்ல பொண்ணு. ஜனவரில கன்ஃபர்மேஷன் வருதுல்ல."

அவர் மிரட்டவில்லை. மிரட்டத் தெரிந்தவர்கள் மேனேஜர் ஆவதில்லை. நலம் விசாரிக்கத் தெரிந்தவர்கள்தான் ஆகிறார்கள்.

லூர்தம்மாள் டிராயிங்கை மடித்து வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெட்டிகளைச் செய்தாள். டிராயிங்கில் உள்ளபடி, அம்புக்குறி உள்ளபடி. கரண்ட் இருந்த நேரத்திலெல்லாம் நெளி போடும் மிஷின் ஓடியது. அந்த வருஷம் கரண்ட் வந்துபோவது சம்பந்தி வீட்டார் வந்துபோவதைப்போல, எப்போது என்று கேட்க முடியாது. ஓடாத நேரத்தில் பசை போட்டார்கள். முதல் லாட் வண்டியேறும் நாள் செல்லக்கனி சீல் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம், வை."

"ஏன்க்கா, மை தீந்து போச்சா?"

"மை கீது. மனசு இல்ல."

"நல்லா இருக்குக்கா கத. நாமளே பெத்துட்டு நம்ம பிள்ள இல்லைன்னு சொல்லுதியளா?"

"பெக்கச் சொன்னவன் பேர வெச்சிக்கட்டும். என் பேரு வேணாம்."

லூர்தம்மாள் செய்த தப்பு இதுதான். வேறொரு வெண்டராக இருந்தால் சீலை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான், அல்லது முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியில்லாமல் தூங்கியிருப்பான். இவள் பெட்டியையும் கொடுத்தாள், பெயரையும் காப்பாற்றப் பார்த்தாள். சீல் இல்லாத பெட்டி கேட்டில் திரும்பியிருக்க வேண்டும். டெஸ்பாட்சில் வாங்கிப் பார்த்து இனிஷியல் போட வேண்டியவள் அறிவுமதி. அம்மாவின் பெட்டியாயிற்றே, அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்து அவள் போட்டுவிட்டாள்.

செப்டம்பரில் மணிகண்டபிரபுவுக்கு 'மாதத்தின் சிறந்த ஐடியா' பரிசு கொடுத்தார்கள். நோட்டீஸ் போர்டில் படம் ஒட்டினார்கள். புதுப் பெட்டியின் மேல் கேக்கை வைத்து வெட்டிய படம். கேக்கைப் பெட்டி நன்றாகத் தாங்கியிருந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, பாதைக்கு ஒரு முழம் கீழே நின்றது. ஷெட்டில் எதுவும் காயவில்லை. கோந்து காயவில்லை, துணி காயவில்லை, செல்லக்கனியின் தலை காயவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு யார்டில் கப்பலுக்குக் காத்து ஒன்பது நாள் நின்ற இருபத்திரண்டு பேலட்டில் பதினான்கு சாய்ந்தன. அடிப்பெட்டிகள் உட்கார, மேல்பெட்டிகள் சரிய, கியர் சக்கரங்கள் பல் உடைந்து தரையில் உருண்டன. போட்டோ வந்தது. குழு கூடியது. இம்முறை பிஸ்கெட் இல்லை என்று கேள்வி.

இரண்டாம் நாள் காலை நடேசன் மோட்டார் சைக்கிளில் வந்தார். டெஸ்பாட்ச் சூப்பர்வைசர், அறிவுமதிக்கு மேலே இருப்பவர். நல்ல மனிதர். கெட்ட செய்திகளைக் கொண்டுவரும் வேலையை நல்ல மனிதர்களிடம்தான் கொடுப்பார்கள். ரெயின்கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் ஒரு கடிதத்தை எடுத்தார். கம்பெனியே டைப் அடித்திருந்தது. லூர்தம்மாள் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றத்தை அவளுக்குச் சிரமம் வைக்காமல் அவர்களே எழுதியிருந்தார்கள்.

"வெள்ளிக்கெழம மீட்டிங்மா. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குட்துடு. ஆர்டர் ஓடும். இல்லாங்காட்டி..."

"இல்லாங்காட்டி?"

"சீல் இல்லாத பொட்டி. தெரிஞ்சே டூப்ளிகேட் மால் அனுப்பிக்கிறன்னு எய்துவாங்க. பாப்பாவும் இனிஷியல் போட்டுக்கீது." நடேசன் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டீ கொடுத்தார்கள். பாதியை வைத்துவிட்டுப் போனார்.

அன்று அறிவுமதிக்கு முதல் ஷிஃப்ட். நாலரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து நனைந்து வந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பகலவன் பின் அடிக்கும் மிஷினை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தான். கரண்ட் இல்லாததால் செல்லக்கனியும் பசை மேஜையிலிருந்து தட்டோடு வந்துவிட்டாள்.

"படி நீ," என்றாள் லூர்தம்மாள்.

அறிவுமதி தலையைத் துவட்டிக்கொண்டே இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொன்னாள். "எங்க கவனக்குறைவால, மழைக்காலத்துல சரியா காயாத பசையோட, ஈரமான பொட்டிங்கள அனுப்பிட்டோம். டிராயிங்க முழுசா ஃபாலோ பண்ணல. இதுக்கு முழுப் பொறுப்பும் நாங்கதான். வருந்துகிறோம்."

"பொட்டி போனது ஆகஸ்டுல. அப்ப ஏதுடி மழக்காலம்?" என்றாள் லூர்தம்மாள்.

"அதெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க."

பகலவன் தொண்டையைச் செருமினான். அவன் செருமினால் வீட்டில் எல்லோரும் சோற்றை வேகமாகப் பிசைவார்கள். "இது இன்னா தெரியுமா? இது சுரண்டல். மொதலாளித்துவம் இன்னா பண்ணும்னா..."

"நைனா, கொழம்பு ஊத்திக்கினு பேசு. ஆறிடும்," என்றாள் மகள்.

"பேச வுடமாட்றீங்க, அதான் இந்த வூட்ல புரட்சியே வர்ல." அவன் கருவாட்டை எடுத்துக்கொண்டான்.

"எம்மா, போட்டுக் குட்துடு," என்றாள் அறிவுமதி. "ரெண்டு வருஷமா நின்னுக்கினே வேல பாத்துக்கிறேன். காலு வீங்கிப் போய்க் கீது. ஜனவரில பர்மனன்ட். இத்த வுட்டா மறுபடியும் வேற கம்பெனில டிரெய்னி, மறுபடியும் நிக்கணும். ஒரு கையெழுத்து, அவ்ளோதான். வெறும் காயிதம்."

லூர்தம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"வெறும் காயிதம்னு எங்கிட்ட சொல்லாதடி. இருவது வருஷமா இந்த வூட்ல காயிதத்த ஒட்டித்தான் ஒல கொதிக்குது. உன்ன படிக்க வெச்சது காயிதம்."

"அப்ப சீல் அடிச்சிருக்கணும். இல்ல, செய்ய மாட்டேன்னு சொல்லிக்கணும். ரெண்டும் இல்லாம கோவிச்சிக்கினு சீலு அடிக்காம அனுப்புவியா? பிரபு சார் மீட்டிங்ல இன்னா சொன்னாரு தெரியுமா? வெண்டரோட கில்ட்டி கான்ஷியன்ஸாம். குத்தவாளி மனசுன்னு ஸ்லைடே போட்டாரு. அதுக்கு எல்லாரும் தலைய ஆட்றாங்க."

"நீ ஆட்னியா?"

"நான் ஃபோட்டோ மாத்திக்கினு இருந்தேன். கம்ப்யூட்டர்ல."

ஷீட்டின் மேல் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது, அதுவும் எதிராளியைப் பேசவிடாத வக்கீலைப்போல.

செல்லக்கனிதான் வாயைத் திறந்தாள். "யக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவப்படாதிய. அவா சொல்லுததுல பாதி சரி. தெரிஞ்சேதான செஞ்சோம்? பசை போட்ட கை எனக்கும் தெரியும்லா. நிக்காதுன்னு அன்னைக்கே சொன்னிய. சொல்லிட்டுச் செஞ்சிய."

"ஆமா," என்றாள் லூர்தம்மாள்.

"பெறவு?"

"அதத்தான் யோசிச்சிக்கினு கீறேன். செஞ்சது தப்பு. ஆனா அவன் எய்திக்கிற தப்பு நான் செஞ்ச தப்பு இல்ல. ஈரமா அனுப்பல. பசை நல்லா காஞ்சு, கல்லு மாதிரி இருந்துச்சு. என் பசையப் பத்தி எவனும் பொய் சொல்லக் கூடாது."

"இன்னா ம்மே," என்றான் பகலவன், "உனுக்குப் பசைதான் முக்கியமா?"

"உனுக்கு மொதலாளித்துவம் முக்கியமா இருக்கச் சொல்ல எனுக்குப் பசை முக்கியமா இருக்கக் கூடாதா?"

அறிவுமதி கையைக் கழுவிவிட்டுத் தட்டை எடுத்தாள். "உன் இஷ்டம். என்ன கூப்ட்டுக் கேப்பாங்க. பொட்டி ஈரமா வந்துச்சான்னு. அது மட்டும் சொல்ட்டேன்." அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். வீங்கிய காலைச் சுவரில் ஏற்றி வைத்திருந்தது வாசலிலிருந்து தெரிந்தது. லூர்தம்மாள் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவைத் தேடினாள். கடிதத்தின் அடியில் தன் பெயர் அச்சடித்திருந்த இடத்துக்கு மேல் பேனாவை வைத்தும்விட்டாள். வைத்த இடத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்தது. கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை மடித்துப் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டில் இரண்டு பெட்டி செய்தார்கள். ஒரே தாள், ஒரே அஞ்சு ப்ளை, ஒரே பசை. ஒன்றில் நெளி நின்றது, ஒன்றில் படுத்தது. பகலவன் குட்டியானை வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு ஓட்டினான். கம்பெனி கேட்டில் அரை மணி நேரம் போயிற்று. வெறும் பெட்டியை உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம். "ஒண்ணுமில்ல" என்று பகலவன் எழுதினான். ஒன்றுமில்லாததற்குப் படிவத்தில் இடமில்லை என்று செக்யூரிட்டி சொன்னான். கடைசியில் 'காற்று, இரண்டு எண்ணம், திருப்பி எடுத்துச் செல்லப்படும்' என்று எழுதி உள்ளே விட்டார்கள். வண்டியோடு பகலவன் வெளியே நின்றான்.

மீட்டிங் அறையில் ஏழு பேரும் இருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வெளியே குளிரிலேயே எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த நாளில். தலைமை நாற்காலியில் ஜெனரல் மேனேஜர் பாண்டுரங்கன். மெலிந்த மனிதர். பேசுவதற்கு முன் மேஜையைத் தடவுவார். நடேசன் சுவரோரம் நின்றார். பக்கத்தில் நீலச் சட்டையில் அறிவுமதி, அம்மாவைத் தெரியாதவள் மாதிரி.

"லெட்டர் கொண்டு வந்தீங்களா மேடம்?" என்றார் மணிகண்டபிரபு.

"பொட்டி கொண்டாந்துக்கிறேன் சார்."

"பெட்டி எதுக்கு? நாங்க ரூட் காஸ் அனாலிசிஸ் முடிச்சிட்டோம். காரணத்தக் காட்டற மீன் முள்ளு டயக்ராம் போட்டிருக்கோம்."

"மீனு நல்லா தின்னுக்கிறீங்க சார், முள்ளு மட்டும் எனுக்கா?" லூர்தம்மாள் பெட்டி இரண்டையும் தரையில் நிமிர்த்தி வைத்தாள். நின்ற நெளிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். எழுபது கிலோ. பெட்டி அசையவில்லை. எழுந்து நின்று மற்றதைக் காட்டினாள். "இது உங்க டிராயிங். நீங்க ஒக்காருங்க சார்."

"இது சயின்டிஃபிக் மெத்தட் இல்ல மேடம்."

"பொட்டிக்கு சயின்ஸு தெரியாது சார். பாரம்தான் தெரியும். யாராச்சும் ஒக்காருங்க."

ஏழு பேரும் ஏழு திசையில் பார்த்தார்கள். அவரவர் எடை அவரவருக்குத் தெரியும். லூர்தம்மாள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். பெட்டி ஒரு நிமிஷம் யோசித்தது. வண்டியில் வந்த மழைக்காற்று உள்ளே இருந்தது. பக்கங்கள் மெதுவாக வெளியே புடைத்தன, முனை ஒன்று மடிந்தது, அவள் நிதானமாக, லிஃப்டில் இறங்குகிற மாதிரி, தரைக்கு வந்து சேர்ந்தாள். எழவில்லை. தரையிலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள்.

நடேசன் இருமினார். இருமல்தானா என்று சொல்ல முடியாது.

"இது டிராமா," என்றார் மணிகண்டபிரபு. முகம் சிவந்திருந்தது. "சார், ரிசீவிங் டைம்லயே பெட்டி ஈரமா வந்திருக்கு. நம்ம இன்ஸ்பெக்டரே சொல்லட்டும். அறிவுமதி, சாருக்குச் சொல்லும்மா. வெட்டா இருந்துச்சுல்ல?"

பாண்டுரங்கன் மேஜையைத் தடவினார். "சொல்லும்மா. பயப்படாத."

அறிவுமதி தரையைப் பார்த்தாள். தரையில் அம்மா இருந்தாள். லூர்தம்மாள் அவளைப் பார்க்கவில்லை. நசுங்கிய பெட்டியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள், காயம்பட்ட எதையோ தடவுகிறவள் மாதிரி.

"காஞ்சிதான் சார் வந்துச்சு," என்றாள் அறிவுமதி. "ரெண்டு லாட்டும். ஈரமானி வெச்சுப் பாத்தேன், ரிஜிஸ்டர்ல எய்திக்கிறேன். சீல் இல்ல. அத நான் கவனிச்சேன், கேக்காம வுட்டேன். அது என் தப்பு. நெளி படுத்து இருந்துச்சு. டிராயிங்கும் அப்டித்தான் சார் கீது."

பேசும்போது கம்பெனித் தமிழை அவள் மறந்துபோனது அவளுக்கே தெரியவில்லை.

லூர்தம்மாள் நிமிர்ந்தாள். "நடேசண்ண, ஒரு வெள்ள பேப்பர் குடுங்க."

தரையில் உட்கார்ந்தபடியே, நின்ற பெட்டியை மேஜையாக வைத்துக்கொண்டு, தமிழில் எழுதினாள். பத்தாவது வரை படித்த கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்தாள்.

"இந்தப் பெட்டி நிற்காது என்று தெரிந்தே செய்து அனுப்பினேன். இது என் குற்றம். நிற்காது என்று சொன்ன பிறகும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று படம் கொடுத்தீர்கள். இது உங்கள் குற்றம். என் குற்றத்துக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் குற்றத்துக்கு நீங்கள் போடவும்."

கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். ஒன்றில் அவள் பெயர் இருந்தது. காகிதத்தை மேஜைமேல் வைத்து, மணிகண்டபிரபுவின் பக்கம் நகர்த்தினாள். அவர் பாண்டுரங்கன் பக்கம் நகர்த்தினார். பாண்டுரங்கன் ஃபைனான்ஸ்காரர் பக்கம். காகிதம் நீள்வட்ட மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி, எவர் பேனாவும் படாமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தக் குழு இத்தனை மாதத்தில் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"நாங்க டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம் மேடம்," என்றார் பாண்டுரங்கன்.

"டிஸ்கஸ் பண்ண என்ன சார் இருக்கு," என்றார் மணிகண்டபிரபு. "ஆர்டர் கேன்சல். வல்லம் வடகால் வெண்டர் முதல் லோடு இன்னைக்கே வருது. அதே டிராயிங்தான், புரொஃபஷனல் பார்ட்டி. அறிவுமதி, உன்கிட்ட ஹெச்ஆர் பேசுவாங்க."

"எப்போ சார்?"

"திங்கட்கிழமை."

"அப்ப இன்னிக்கு ஷிஃப்ட் பாக்கறேன் சார்."

வெளியே வராந்தாவில் தாயும் மகளும் ஒரு நிமிஷம் நின்றார்கள். மழை விட்டிருந்தது. கட்டிப்பிடித்து அழவில்லை. அதற்கு அங்கே கேமரா இருந்தது.

"காலு எப்டிடி கீது?" என்றாள் லூர்தம்மாள்.

"நிக்குது. இட்லி ரெண்டுதான் தின்ன காலைல. போய் சாப்டு."

"பயமா கீதா?"

"கீது. நீ போ. நைனா வெளிய யார்கிட்டனா மொதலாளித்துவம் பேசிக்கினு இருக்கும், அத்த கூப்ட்டுக்கினு போ."

லூர்தம்மாள் நல்ல பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில், இரண்டு காற்று உள்ளே போயிருக்க ஒரு காற்று மட்டும் திரும்புகிறதே என்று செக்யூரிட்டி கேட்டான். இன்னொன்றை மேனேஜர்கள் வைத்துக்கொண்டார்கள் என்று பதில் சொன்னாள்.

பன்னிரண்டரைக்கு வல்லம் வடகால் லாரி டெஸ்பாட்ச் வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. புதிய லாரி, பளபளக்கும் அச்சு, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அழகான நீல நிறச் சீல். கூடவே சர்டிபிகேட், பர்ஸ்டிங் டெஸ்ட் பாஸ். அறிவுமதி ஒரு கட்டைப் பிரித்து அட்டையின் ஓரத்தைப் பார்த்தாள். நாலு பெட்டியை எடுத்தாள், விறைப்பாக ஒட்டினாள், ஒவ்வொன்றிலும் முப்பது கிலோ கியர் சக்கரம் வைக்கச் சொன்னாள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னாள். டிரைவருக்கு டீ சொன்னாள். தானும் ஒரு டீ குடித்தாள், ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து.

டீ முடிவதற்குள் அடிப்பெட்டியின் பக்கம் லேசாகப் புடைத்தது. விரல் கனம். ஸ்கேல் வைத்து அளந்து எழுதினாள். அரை மணி கழித்து மறுபடி அளந்தாள். இரண்டு விரல்.

சிவப்பு டேக் ஒன்றை எடுத்து லாரியின் கொக்கியில் கட்டினாள். நடேசன் ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ற? டிராயிங் படி கரெக்டா கீதே."

"டிராயிங் படி கரெக்ட்டுதாண்ண. பாரம் வெச்சா நிக்கல. காரணம் எய்திக்கிறேன் பாருங்க."

"ஜனவரி வருதும்மா."

"தெரியும்ண்ண. இப்ப நவம்பர்."

"எத்தினி பொட்டி ரிஜெக்ட்டுன்னு போட?" நடேசன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கட்டு மட்டும் போட்டுக்கலாம். யார் கண்ணுக்கும் தெரியாது."

"லோடு முழுக்கண்ண."

நடேசன் ரிஜிஸ்டரைப் பார்த்தார், மாடியில் மீட்டிங் அறையின் கண்ணாடியைப் பார்த்தார், புடைத்த பெட்டியைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அவள் கையெழுத்துக்குக் கீழே சூப்பர்வைசர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். நின்றபடியே எழுதியதால் கோணலாக விழுந்தது.

லாரி டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னா மேடம், எறக்கறதா, இன்னாதான் பண்றது?"

"திருப்பு," என்றாள் அறிவுமதி.